இருதயராஜின் அட்டைக்கட்டு

குருவுக்கு வயது முப்பத்தொன்று, சீடருக்கு நாற்பத்து நான்கு.

குருவின் பெயர் தமயந்தி. ஜப்பானுக்கு வேலைக்குப் போகிற செவிலியர்களுக்குக் கோவையில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுப்பவர். சீடர் இருதயராஜ், தூத்துக்குடியில் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு வந்தவர். வகுப்பு முறைப்படி அவர் குருவை ‘சென்செய்’, அதாவது ஆசிரியரே, என்பார். குரு அவரை ‘அண்ணா’ என்பார். மரியாதைக்கு இரண்டு பக்கமும் குறைவில்லை, மார்க்குக்குத்தான் குறைச்சல்.

ஒசாகாவில் ஒரு முதியோர் இல்லம் அவருக்காக ஓர் இடத்தை வைத்திருந்தது. மொழித்தேர்வில் ஒருமுறை தோற்றாகிவிட்டது. அடுத்த மாதமும் தோற்றால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். தூத்துக்குடியிலும் அவர் இடத்துக்கு ஆள் வந்தாயிற்று.

பேச்சு அவருக்கு நன்றாகவே வந்தது. உயிரை வாங்கியது கான்ஜி. சொல்லுக்குச் சொல் கோடும் புள்ளியுமாக அடுக்கி எழுதுகிற ஜப்பானிய எழுத்து அது. அதைப் பிடிக்க அவர் அட்டைகள் செய்து வைத்திருந்தார். முன்பக்கம் எழுத்து, பின்பக்கம் தமிழில் பொருள். சாப்பிடும்போதும் அட்டை, பஸ்ஸிலும் அட்டை, குளிக்க வரிசையில் நிற்கும்போதும் அட்டை. விடுதியில் யார் எடுத்து நீட்டினாலும் டக்கென்று பொருள் சொல்லுவார். வீட்டிலிருந்து மனைவி விமலா, “எழுத்தெல்லாம் வந்துட்டா?” என்று போனில் கேட்டால், “எல்லாம் வந்துட்டு” என்பார். தேர்வு அறைக்குள் போனால் மட்டும் ஒன்றும் வராது.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் குருவின் மேசைக்கு வந்தார்.

“சென்செய், அட்டையப் பார்த்தா எல்லாம் தெரியுது. பரீட்சையில ஒண்ணும் வரமாட்டேங்கு. இன்னும் எத்தனை தடவை பார்க்கணும்?”

“அந்த அட்டைக்கட்டைக் குடுங்கண்ணா.”

தமயந்தி நடுவிலிருந்து ஓர் அட்டையை உருவினார். எழுத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு நீட்டினார். மூலையில் ஒரு சாம்பார்க் கறை மட்டும் தெரிந்தது.

“இது என்னங்கண்ணா?”

“காய்ச்சல்.”

“எழுத்தே தெரியலீங்களே.”

“தெரியாட்டி என்ன சென்செய், அது காய்ச்சல்தான்.”

தமயந்தி திருப்பிப் பார்த்தார். காய்ச்சல்தான். இன்னோர் அட்டையை அதேபோல் மறைத்து நீட்டினார். அதன் முனை மடங்கியிருந்தது.

“வலி,” என்றார் இருதயராஜ். அதுவும் சரி. அவர் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

தமயந்தி எழுந்துபோய்ப் பலகையில் ஓர் எழுத்தைப் பெரிதாக எழுதினார்.

“இது?”

இருதயராஜ் பார்த்தார். தலையைச் சாய்த்தும் பார்த்தார். “இது நம்ம பாடத்துல வரலியே.”

“காய்ச்சலுங்கண்ணா.”

கடைசி வரிசையில் பையை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். இருதயராஜுக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அருகில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

“ராப்பகலாப் படிச்சிருக்கேன். வீட்டுல எல்லாம் தெரியும்னு வேற சொல்லி வச்சிருக்கேன். அத்தனையும் வீணா?”

தமயந்தி பலகையை அழித்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

“வார்டுல ஒருத்தருக்கு ஊசி போடோணும். ஆள் அவர்தானான்னு எப்படிங்கண்ணா பார்ப்பீங்க?”

தனக்குத் தெரிந்த விஷயம் என்றதும் இருதயராஜின் முதுகு நிமிர்ந்தது.

“பேரு கேப்போம். ‘உங்க பேரு என்ன?’ன்னுதான் கேக்கணும். ‘நீங்கதான பொன்னுச்சாமி?’ன்னு கேக்கவே கூடாது.”

“ஏனுங்கண்ணா?”

“அரை மயக்கத்துல கெடக்கவரு எந்தப் பேரைச் சொன்னாலும் தலையாட்டிருவாரு. ஊசி ஆள் மாறிப் போயிரும். புதுசா வார பிள்ளைகளுக்கு மொதல்ல இதைத்தான் சொல்லிக்குடுப்பேன்.”

“பேர் உடனே அவர் வாயில வரலீன்னா?”

“நிப்போம். யோசிக்க விடுவோம். அவரு சொன்னதுக்கு அப்புறந்தான் கேஸ் ஷீட்டப் பார்த்து, சரியான்னு...”

பாதியில் நிறுத்தினார். மேசைமேல் கிடந்த அட்டைக்கட்டைப் பார்த்தார்.

தமயந்தி கட்டை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். ஒரு வெள்ளைத்தாளை அவர் முன்னால் வைத்தார்.

“காய்ச்சல். எழுதுங்கண்ணா.”

கீழே நான்கு புள்ளிகள் வந்தன. மேலே என்ன என்று வரவில்லை. இருதயராஜ் பேனாவைக் கடித்தார், ஜன்னலைப் பார்த்தார், குருவைப் பார்த்தார். குரு உதவிக்கு வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து ஏதோ எழுதினார். அதன்பிறகுதான் தமயந்தி பக்கத்திலேயே சரியான எழுத்தை எழுதிக் காட்டினார். ஒரு பக்கம் சரி, ஒரு பக்கம் தப்பு.

“அடச்சே!” என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். அந்த எழுத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போல் பார்த்தார்.

“இப்ப வலி.”

வலி ஒரே மூச்சில் வந்துவிட்டது. அவருக்கே ஆச்சரியம்.

“மிச்சத்தை வியாழக்கிழமை எழுதலாங்கண்ணா.”

“அதுவரைக்கும் கட்டைத் தர மாட்டீங்களா?”

“இல்லீங்கண்ணா.”

“மறந்துபோயிருமே!”

“சிலது மறக்கும். எது மறந்துச்சோ அதை மட்டும் அன்னிக்குப் பார்த்துக்கலாமுங்கண்ணா.”

“சென்செய், பரீட்சை நெருங்கிட்டு. என் பொழைப்பே அதுலதான் கெடக்கு. தினமும் எல்லாத்தையும் ஒரு சுத்து பார்த்துக்கிட்டா நல்லதுல்லா?”

தமயந்தி பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“உங்க வார்டுல, குணமானவங்களுக்கும் தினமும் ஊசி போடுவீங்களாங்கண்ணா?”