கயிலாயம் விட்டவை

“மாசானம் என்னைக் கொல்லப் பார்க்கிறான், அம்மா” என்றார் கயிலாயம்.

உலகம்மை நிமிர்ந்து பார்த்தார்.

மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சிறு மடத்துக்கு அவர்தான் ஆசிரியை. கயிலாயம் அவரைவிட மூத்தவர். பலசரக்குக் கடையை மகன்களிடம் விட்டுவிட்டு, சீடராக வந்து சேர்ந்தவர். மாசானம் மடத்துச் சமையல்காரர்.

“அப்படி என்ன செஞ்சார்?”

“கஞ்சியில மிளகாயை அள்ளிக் கொட்டுறான். வாய் தீயா எரியுது. நான் விரதம் இருக்கிறது அவனுக்குப் பொறுக்கலை.”

கயிலாயத்தின் விரதம் மடத்தில் எல்லோருக்கும் தெரியும். பழம் தொடமாட்டார். கீரை, காய்கறி தொடமாட்டார். வருஷக்கணக்காக வெறும் கஞ்சிதான். நாக்கை வென்றவர் என்று மற்ற சீடர்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

உலகம்மை அவர் கையோடு கொண்டுவந்திருந்த கஞ்சியில் கொஞ்சம் உள்ளங்கையில் விட்டுச் சுவைத்தார். மாசானத்தைக் கூப்பிட்டார்.

“இதுல மிளகாய் போட்டீங்களா?”

மாசானம் பதறிப்போனார். “ஐயோ, உப்பைத் தவிர ஒண்ணும் போடலைம்மா.”

“எனக்கும் உப்புதான் தெரியுது.”

கயிலாயம் திகைத்தார். “அப்போ இந்த எரிச்சல்?”

“வாயைத் திறங்க, அண்ணாச்சி.”

திறந்தார்.

“இன்னும்.”

“இவ்வளவுதாம்மா.”

உலகம்மை தன் மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித் தன் வாய்க்குள் வைத்துக் காட்டினார். “இப்படி வைங்க.”

கயிலாயம் வைத்தார். ஒரு விரல் போனது. அடுத்தது பல்லில் முட்டியது. அழுத்தினார். கன்னம் இழுத்துப் பிடித்து வலித்தது.

அவர் முகம் வெளிறியது. தினமும் சாப்பிடுகிற வாய். அது எப்போது மூடிக்கொண்டது?

“வாயில என்ன போடுறீங்க?”

“ஒண்ணுமில்லை. பாக்கு மட்டும். பசி தெரியாம இருக்க. அது சாப்பாட்டுல சேராதே.”

உலகம்மை எழுந்து செருப்பை மாட்டினார்.

“கிளம்புங்க.”

டவுனில் பல் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். கன்னத்தின் உட்புறம் வெளுத்து, வார் போல இறுகியிருந்தது. நாக்கின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் திட்டு.

உலகம்மைதான் கேட்டார்.

“புற்றுநோயா?”

“பார்த்தா அதுக்கு முந்தின நிலை மாதிரி இருக்கு. சின்னதா சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிச்சாத்தான் உறுதியாச் சொல்லலாம். சும்மா விட்டா நாளைக்கு அதுவா மாறலாம்.”

“எதனால?”

“முக்கியமா பாக்கு. வாய் எரியுறதும் அதாலதான். இன்னையோட நிறுத்தணும். பழம், கீரை எதுவுமே சாப்பிடாம இருந்தது வேற அதோட சேர்ந்துக்கிடுச்சு. அதெல்லாம் நல்லா சாப்பிடுறவங்களுக்கு இந்த ஆபத்து குறைவு.”

“இனிமே சாப்பிட்டா வாய் திறந்திடுமா?” என்றார் கயிலாயம்.

“இறுகினது முழுசா இளகாது, ஐயா. மேல போகாமப் பார்த்துக்கலாம். அதுவும் பாக்கை விட்டாத்தான்.”



மடத்துக்குத் திரும்பியதும், உலகம்மை சொல்ல, மாசானம் பப்பாளியை நறுக்கித் தட்டில் கொண்டுவந்து வைத்தார். கயிலாயம் அதைத் தொடவில்லை.

“இத்தனை வருஷ விரதம். எப்படிம்மா முறிப்பேன்?”

“சின்ன வயசுல பழம்னா ஆசையா இருக்குமா, அண்ணாச்சி?”

“இல்லைம்மா. எனக்குப் பழமே பிடிக்காது.”

“கீரை?”

“எங்கம்மா வச்சா தட்டைத் தள்ளி விட்டுருவேன்.”

“பாக்கு?”

பதில் சொல்ல வந்த கயிலாயம் குனிந்து பார்த்தார். அவர் கை எப்போதோ இடுப்புக்குப் போய், பாக்குப் பையை இறுகப் பிடித்திருந்தது.



பிறகு பையை அவிழ்த்து உலகம்மைக்கு முன்னால் வைத்தார்.

பப்பாளியைச் சிறிதாகக் கிள்ளி, வாய் திறந்த அந்தச் சிறு இடைவெளி வழியாக உள்ளே தள்ளினார். எரிந்தது. கண்ணில் நீர் முட்டியது.

மென்று விழுங்கிவிட்டு, தட்டை அருகில் இழுத்துக்கொண்டார்.