கிளி வாய்க்குப் போட்ட பூட்டு

ஆற்றோரக் கோரைப்புல் காட்டில் செம்பி என்றொரு முயல் இருந்தது. நரிக்குப் பயந்து தன் நான்கு குட்டிகளையும் நான்கு இடங்களில் ஒளித்து வைத்திருந்தது. அன்று பார்த்து அதன் காலில் முள் ஏறிவிட்டது. ஆற்றிலோ வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது! பொழுது சாய்வதற்குள் குட்டிகளை மேட்டுக்குக் கொண்டுபோகாவிட்டால் அவ்வளவுதான்.

மேட்டில் செம்பியின் அக்கா இருந்தது. நொண்டிக்கொண்டு போய்ச் சொல்ல நேரமில்லை; அதற்குச் சொல்லியனுப்பக் கிளியை விட்டால் வேறு ஆளில்லை. கேட்டதை அப்படியே ஒப்பிக்கும் கிளி. பழத்தைக் காட்டினால் யாரிடமும் ஒப்பித்துவிடும்! அதனால்தான் அதன் மரத்தடியில் முள்ளம்பன்றி காவல் இருந்தது.

“என்னைத் தாண்டி ஒரு பயல் கிளியிடம் வர முடியாது!” என்று முள்ளம்பன்றி மார்தட்டியது.

“பொந்தில் இருக்கும்வரை சரி அண்ணே. பறந்த பிறகு?” என்று செம்பி கேட்டது.



செம்பி யோசித்தது. பிறகு நல்ல காலைத் தரையில் தட்டித் தட்டி, அந்தத் தாளத்தோடு சேர்த்தே நான்கு இடங்களையும் கிளிக்குச் சொல்லிக்கொடுத்தது. ரகசியம் பேசுமுன் அக்காவும் தங்கையும் தட்டிக்கொள்ளும் தாளம் அது. வேறு எவருக்கும் தெரியாது. பலமுறை சொன்னதில், தாளம் காதில் விழுந்தால்தான் கிளிக்கு அந்தச் செய்தியே வாயில் வரும் என்றாகிவிட்டது.

கிளி பறந்தது. நூறடி போயிருக்காது, கொய்யா மரத்தில் இறங்கிவிட்டது! கீழே நரி. செம்பி புதருக்குள் கிடந்து பார்த்துக்கொண்டிருந்தது.

நரி ஒரு பழுத்த கொய்யாவை நீட்டிக் குழைந்தது. முயல் என்ன சொல்லியனுப்பியது என்று கேட்டது. கிளிக்கு எச்சில் ஊறியது. வாயைத் திறந்தது, மூடியது.

“சொல்ல ஆசைதான் மாமா. ஒன்றும் வரமாட்டேன் என்கிறதே!”

நரி ஆத்திரத்தில் தரையைத் தடதடவென்று மிதித்தது. நல்லவேளை, அது செம்பியின் தாளத்தோடு சேரவில்லை. மிரண்ட கிளி மேட்டை நோக்கிப் பறந்தே போய்விட்டது!

‘செம்பி அனுப்பியது’ என்பதற்கு மேல் கிளிக்குச் சொல் வராததைக் கண்டதும், இது ரகசியம் என்று அக்காவுக்குப் புரிந்தது. காலால் அந்தத் தாளத்தைத் தட்டியது. நான்கு இடங்களும் கடகடவென்று கொட்டின! கடைசிக் குட்டியைக் கவ்விக்கொண்டு அக்கா மேடேறியபோது, வெள்ளத்தில் கோரைப்புல்லின் நுனிகூடத் தெரியவில்லை. நொண்டி நொண்டி முன்னதாகவே மேடு சேர்ந்திருந்த செம்பி, நான்கையும் நக்கி நக்கி அழுதது.

அரிய பொருளை வைத்த இடத்துக்கு மட்டும் காவல் போட்டால் போதாது. அது போகும் இடமெல்லாம் காவலும் கூடவே போக வேண்டும்.