விழும் உயரம்

மலையடிவாரத்து மடத்தில் பெரியாண்டி என்றொரு சீடன் இருந்தான். பெயருக்கேற்ற ஆள். எந்த வாசலிலும் குனியாமல் நுழைந்ததில்லை. மடத்துக்கு வருமுன் சந்தையில் நெல் மூட்டை தூக்கியவன். அத்தனை மூட்டைக்கும் அசராத அந்த இடுப்பை, ஒரு வயதுகூட நிரம்பாத மகள் செவந்தி ஒரு வழி பண்ணிவிட்டாள்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த பிள்ளை. மனைவி அங்காயி மடத்துச் சமையலைக் கவனிக்க, பிள்ளையைக் கவனிப்பது அவன் வேலை. செவந்திக்கு நடக்கும் ஆசை வந்தது. ஒருமுறை கையை விட்டான். அவள் படியில் விழுந்ததில் நெற்றி புடைத்துக்கொண்டது. அதன்பிறகு அவன் விடவே இல்லை. அவளுடைய இரண்டு கைகளையும் மேலே தூக்கிப் பிடித்தபடி, ஆறடி உடம்பை வளைத்துக்கொண்டு முற்றமெல்லாம் அவள் பின்னாலேயே போனான். ஒருநாள் காலை அப்படியே இடுப்பு பிடித்துக்கொண்டது.

வைத்தியர் எண்ணெய் கொடுத்துவிட்டு, இனிக் குனியவே கூடாது என்றார். அங்காயி யோசித்துப் பார்த்தாள். பிள்ளை நன்றாக நடக்கும்வரை தன் அக்கா வீட்டில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். சந்தையன்று அக்கா புருஷன் வண்டி கட்டிக்கொண்டு வருவார். பெரியாண்டிக்கு அதைக் கேட்டதும் இடுப்பு மறந்துபோய் நெஞ்சு வலித்தது. மகள் வைக்கும் முதல் அடியை யார் யாரோ பார்ப்பார்கள். அவன் பார்க்கமாட்டான்.

சுவரைப் பிடித்துப் பிடித்துக் குருவிடம் போனான். செவந்தி பின்னாலேயே தவழ்ந்து வந்தாள். குருவான கந்தப்ப அடிகள் ஏறக்குறைய அவன் வயதுக்காரர்தான். உயரத்தில் அவன் மார்புக்குத்தான் வருவார்.

"சாமி, இந்த வலியத் தாங்கிக்க ஒரு வழி சொல்லுங்க. கொஞ்ச நாளைக்குத் தாங்கினாப் போதும். அதுக்குள்ள அவ நடந்துருவா."

கொட்டகை போடுவதற்காக வெட்டிய பனைமரத் துண்டு ஒன்று முற்றத்தில் கிடந்தது. அடிகள் அதைக் காட்டினார்.

"அதுமேல நட. ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக்க."

இடுப்பு வலிக்காரனிடம் சொல்கிற வேலையா இது என்று நினைத்தான். ஆனாலும் ஏறினான். ஓரடி வைத்தான், ஆடினான், தரையில் இறங்கிவிட்டான்.

"இப்பக் கையக் கீழ விட்டுட்டு நட."

இந்தமுறை கைகள் தாமாகவே பக்கவாட்டில் விரிந்து அவனை நிறுத்திக்கொண்டன. வலியோடு வலியாகக் கடைசிவரை போய்விட்டான். அங்கே நின்று தன் கைகளைப் பார்த்தான். பிறகு செவந்தியைப் பார்த்தான். முகம் சுண்டிப்போயிற்று.

"விட்டா விழுந்துருவாளே, சாமி."

"எவ்வளவு ஒசரத்துல இருந்து?"

பெரியாண்டி தரையில் இருந்த மகளைக் கண்ணால் அளந்தான்.

"நீ விழுந்தா ஆறடி. அவ பொத்துன்னு உக்காந்தா ஒரு சாண். நீ உன் ஒசரத்துல நின்னுக்கிட்டு அவளுக்காகப் பயப்படற. வந்து கீழ படு."

மெல்ல மெல்லப் படுத்தான். குளிர்ந்த தரையில் முதுகு முழுசாகப் பட்டதும் அப்பாடா என்று இருந்தது. அப்பா இவ்வளவு பக்கத்தில் கிடப்பதைச் செவந்தி இதற்குமுன் பார்த்ததில்லை. தூணைப் பிடித்து எழுந்தாள். கையை விட்டாள். பொத்தென்று உட்கார்ந்தாள்.

அவன் பதறி எழப் பார்த்தான். நல்லவேளை, இடுப்பு விடவில்லை. அழலாமா வேண்டாமா என்று செவந்தி அவன் முகத்தைப் பார்த்தாள். அடிகள் அவனைச் சிரிக்கச் சொன்னார். வலியோடு எப்படியோ சிரித்துவைத்தான்.

அவள் மறுபடி எழுந்தாள். ஓரடி. இன்னோர் அடி. நடுவில் நின்று யோசனை. அப்புறம் ஒரே ஓட்டமாக வந்து அவன் வயிற்றின்மேல் விழுந்து மீசையைப் பிடித்துக்கொண்டாள். பெரியாண்டி இந்தமுறை நிஜமாகவே சிரித்தான். கண்ணிலும் தண்ணீர் வந்தது. கரண்டியும் கையுமாக ஓடிவந்த அங்காயி, அடுப்பில் குழம்பு தீய்வதுகூடத் தெரியாமல் அங்கேயே நின்றாள்.

சந்தையன்று வந்த வண்டியில் அங்காயி பிள்ளைக்குப் பதிலாக அக்காவுக்குப் பூசணிக்காய்களை ஏற்றி அனுப்பினாள்.

அன்று சாயங்காலம் பெரியாண்டி முற்றத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். செவந்தி தூணிலிருந்து அவனிடமும் அவனிடமிருந்து தூணுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். அடிகள் அந்தப் பக்கமாக வந்தார்.

"சாமி, இன்னிக்கு என்கிட்ட நடந்து வரா. நாளைக்கு வேற பக்கம் நடந்து போயிட்டா?"

"அதுக்குள்ள உன் இடுப்பு சரியாயிரும்," என்றார் அடிகள். "நிமிந்து நின்னு பாரு."