உள்ளே அடித்த ஷாஃப்ட்

புத்தியுள்ளவர்கள் இந்தக் கதைக்கு விடை சொல்லட்டும். கதையில் வருகிற மூன்று தம்பிகளிடம் புத்தியைத் தேடிப் பயனில்லை.

தூத்துக்குடியில், உப்பளங்களை ஒட்டிய தெருவொன்றில் மிக்கேல் என்பவன் கடைசி ஓராண்டு படுத்த படுக்கையாகக் கிடந்தான். அவனுக்குக் கஸ்மீர், சூசை, லூர்து என்று மூன்று தம்பிகள். மூவர் வீடும் கூப்பிடு தூரந்தான். ஆனால் ஆஸ்பத்திரிக்குத் துணை வேண்டும் என்று கூப்பிட்டால் ஒருவனுக்கு முதுகுவலி வரும், ஒருவனுக்கு வேலை வரும், ஒருவனுக்குக் காது கேட்காது. மனைவி மெற்றில்டா பொறுத்துப் பார்த்தாள். பிறகு கணவனுடைய பழைய மோட்டார் சைக்கிளை ஓட்டத் தானே பழகி, அவனைத் துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போய் வந்தாள்.

மிக்கேல் இறந்தான். தம்பிகளுக்கு முதுகும் நேரானது, காதும் திறந்தது. “அண்ணன் ஞாபகமா அந்த வண்டி என்கிட்ட இருக்கட்டும் மதினி” என்று மூவரும் தனித்தனியே வந்து கண்ணைத் துடைத்தார்கள். பழைய வண்டிகளுக்கு இப்போது ஏக கிராக்கி என்பதை மூவரும் சொல்லவில்லை.

வண்டி அப்போது ஓடும் நிலையில் இல்லை. பின்சக்கரம் ஆடியது. அதைச் சரிசெய்ய, சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மை வண்டியின் உடலோடு கோத்திருக்கும் இரும்பு ஷாஃப்டைக் கழற்ற வேண்டும். உப்புக்காற்றில் துருவேறி அது உள்ளேயே இறுகிக் கிடந்தது. மெக்கானிக் முயன்று பார்த்துக் கைவிட்டுவிட்டான்.

தினமும் வந்து நிற்கிற மூவரையும் கண்டு வெறுத்துப்போன மெற்றில்டா ஒருநாள் சொன்னாள்: “மாதா மேல ஆணையா சொல்லுதேன். ஆளுக்கொரு ஞாயித்துக்கிழமை. அந்த ஷாஃப்டை வெளியே எடுக்கிறவரு வண்டியைக் கொண்டு போங்க. யாராலயும் முடியலைன்னா ஒருத்தரும் இந்தப் பக்கம் வரப்படாது.”

முடியாது என்று நம்பித்தான் ஆணையிட்டாள். அது அவள் செய்த பிழை.

முதல் ஞாயிறு கஸ்மீர் பெரிய சம்மட்டியோடு வந்தான். ஷாஃப்டின் இடது முனையில் வெறிகொண்டு அடித்தான். ஷாஃப்ட் அசையவில்லை, முனைதான் நசுங்கிக் குடைக்காளான் போல விரிந்தது. “இது பிரம்மாவாலயும் முடியாது” என்று சொல்லி, கறிக்குழம்பு உண்டா என்று விசாரித்துவிட்டுப் போனான்.

இரண்டாம் ஞாயிறு சூசை வந்தான். விரிந்த முனையை ரம்பத்தால் அறுத்தெறிந்தான். கேஸ் நெருப்பில் சுற்றிலும் சூடேற்றி அடித்தான். ஷாஃப்ட் முனகியபடி வலப்பக்கம் ஒரு விரற்கடை வெளியே வந்தது. அத்தோடு கேஸ் தீர்ந்தது. மாலைப் பூசைக்கு மணியும் அடித்தது, அவனுடைய ஞாயிறு முடிந்தது. அப்படியே விட்டுப்போனால் அடுத்த வாரம் லூர்து சுலபமாக உருவிவிடுவானே! மெற்றில்டா தேநீர் எடுக்க உள்ளே போன நேரம் பார்த்து, வலப்பக்கத்திலிருந்து ஓங்கி அடித்து ஷாஃப்டைப் பழையபடி உள்ளே தள்ளினான். பிறகு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “அசையவே இல்லை மதினி” என்றான்.

மூன்றாம் ஞாயிறு லூர்து மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, ஒரு கம்பியும் சிறிய சுத்தியலுமாக வந்தான். முயல வேண்டும் என்ற எண்ணம்கூட அவனுக்கு இல்லை. வராவிட்டால் தன் முறை போய்விடுமே என்று வந்தவன். வேடிக்கை பார்க்க அண்ணன்மார் இருவரும் வந்திருந்தார்கள். அவன் கம்பியை வைத்துத் தட்டத் தட்ட, ஷாஃப்ட் வழுக்கிக்கொண்டு போய் மறுபக்கம் மண்ணில் விழுந்தது. லூர்துவே பயந்து பின்வாங்கினான்.

“நான் அடிச்ச அடியிலதான் துரு விட்டுச்சு” என்று கஸ்மீர் பாய்ந்தான்.

சூசைக்குப் பொறுக்கவில்லை. “போன வாரம் வெளியே வந்ததைத் திருப்பி உள்ள அடிச்சதே நான்தாம்லே! அப்படி முன்னும் பின்னும் போனதாலதான் இளகிச்சு. வண்டி எனக்கு!”

மெற்றில்டா அவனை நிமிர்ந்து பார்த்தாள். “அசையவே இல்லைன்னு சொன்னீங்களே?” என்று மட்டும் கேட்டாள். அவனுக்கு வெட்கம் வரவில்லை. “வண்டியைக் குடுங்க மதினி” என்றான்.

சூசை சொன்னதில் பொய் இல்லை. இறுகிய இரும்பு அப்படித்தான் இளகும். அப்படியானால் கேட்பவர்களே, ஆணைப்படி வண்டி யாருக்குச் சேர வேண்டும்? சம்மட்டியால் அடித்தவனுக்கா, கெடுக்க நினைத்து இளக்கியவனுக்கா, உழைக்காமல் எடுத்தவனுக்கா?

விடை: லூர்துவுக்கே. கஸ்மீரின் அடி ஷாஃப்டைக் கெடுத்ததே தவிர அசைக்கவில்லை. சூசையின் அடி அதை இளக்கியது உண்மை. ஆனால் அது வெளியே வரக்கூடாது என்பதற்காக அடித்தவன், அதை வெளியே எடுத்தவன் ஆகமாட்டான். மெற்றில்டாவின் ஆணை ‘வெளியே எடுக்கிறவர்’ என்றது. தகுதியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அவளும் வாதாடாமல் சாவியை லூர்துவின் கையில் போட்டாள். ஷாஃப்ட் இல்லாத வண்டியை உருட்ட முடியாது. பின்சக்கரம் தனியே கிடந்தது. லூர்து தூக்க வரச் சொன்னபோது அண்ணன்மார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். லோடு ஆட்டோ பிடிக்கப் போகலாம் என்றால், அவர்கள் இருவரையும் நம்பி வண்டியை விட்டுப் போக அவனுக்குத் துணிவில்லை. வெயிலில் மூன்று தம்பிகளும் ஒருவரையொருவர் காவல் காத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மெற்றில்டா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.