பூஜையில் வைத்த ஏழாம் வாய்ப்பாடு

ஒரு சரஸ்வதி பூஜை அன்றைக்கு, இசக்கியம்மாள் வீட்டு மனைப்பலகையில் வாய்ப்பாட்டுப் புத்தகமும் செல்போனும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உட்காரும்படி ஆகிவிட்டது.

இசக்கியம்மாள் ஜாக்கெட் தைக்கிறவள். தொழில் சாமான் என்று கத்திரிக்கோலை வைத்தாள். அளவெல்லாம் அதில்தான் வருகிறது என்று செல்போனையும் துடைத்து வைத்தாள். மகள் கோமதியின் வாய்ப்பாட்டைச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் நடுவில் வைத்தாள். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் இட்டுக் கண்ணை மூடினாள்.

“தாயே, என் பிள்ளைக்கு ஏழாம் வாய்ப்பாட்டைக் குடுத்துரு. இந்த வருசம் வேற ஒண்ணும் கேக்கல.”

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. கோமதி ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வாய்ப்பாடு வரை தட்டுத்தடுமாறி வந்துவிடுவாள். ஏழில், எட்டேழுக்கு வந்ததும் நின்றுபோவாள். போன மாதம் வகுப்பில் அப்படி நின்றபோது பின்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். அன்று உட்கார்ந்தவள்தான், அதன் பிறகு வாய்ப்பாட்டைத் திறந்தாலே கண்ணில் நீர் முட்டியது. பூஜை லீவு முடிந்து வருகிற அன்று ஏழாம் வாய்ப்பாடு சொல்லாதவர்கள், இனிமேல் கணக்கு நேரத்தில் மூன்றாம் வகுப்பில் போய் உட்கார வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

வாய்ப்பாட்டுக்கு இது பெரிய தலைக்குனிவு. தன்னைக் கையில் வைத்திருந்தவர்கள் யாரும் கீழ் வகுப்புக்குப் போனதில்லை என்று அது நினைத்துக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு மாதமாக அதைத் தொட ஆளில்லை. கோமதி செல்போனே கதியென்று கிடந்தாள். துணி கொடுக்க வந்த நர்சம்மா ஒருவர் சொல்லி, இசக்கியம்மாள் அதில் ஒரு கணக்கு விளையாட்டை ஏற்றிக் கொடுத்திருந்தாள். ஆற்றின் மேல், வாய்ப்பாட்டுக்கு ஒன்றாகப் பலகைப் பாலம். சரியான விடையைத் தொட்டால் தவளை அடுத்த பலகைக்குத் தாவும். தப்பாகத் தொட்டால் தண்ணீரில் விழும்.

“தள்ளி உக்காரு தம்பி, என் அட்டை மடங்குது,” என்றது வாய்ப்பாடு.

“எனக்கு எங்க இடம் இருக்கு அண்ணாச்சி? அந்தப் பக்கம் பொரித் தட்டு,” என்றது செல்போன்.

“உனக்கு எதுக்குப் பொட்டு? பிள்ளையைக் கெடுத்தவனுக்கெல்லாம் பூஜையா?”

“நான் கெடுத்தேனா? அவ தினமும் ஏழாம் பாலத்துல ஏறுதாளே அண்ணாச்சி.”

“ஏறி?”

செல்போன் கொஞ்சம் மழுப்பியது. “எட்டாவது பலகையில விழுந்துருதா.”

“பாத்தியா? என்கிட்டயும் அங்கதான் விழுந்தா. நீ என்ன பெருசா கிழிச்ச?”

“உங்ககிட்ட ஒரு தடவ விழுந்தா. என்கிட்ட முந்தாநாள் மட்டும் நாப்பது தடவ விழுந்தா. உங்ககிட்ட விழுந்ததுக்கு அழுதா. என்கிட்ட விழுந்துட்டுத் தவளையைப் பாத்துச் சிரிச்சா.”

“சிரிச்சா பரீட்சையில மார்க் போடுவாங்களோ?”

பக்கத்தில் கிடந்த கத்திரிக்கோல் வாயைத் திறந்தது. “ரெண்டு பேரும் சும்மா இருங்க. பூஜையில வச்சத நாளைக்குக் காலைல வரைக்கும் யாரும் தொட மாட்டாங்க. நாளைக் கழிச்சுப் பள்ளிக்கூடம். ஒரு நாள் முழுசா வீணாப் போகுது. அத நெனச்சுப் பாத்தீங்களா?”

இரண்டும் நினைத்துப் பார்க்கவில்லை. இசக்கியம்மாளும் நினைத்துப் பார்க்கவில்லை. எது வர வேண்டுமோ அதைச் சாமி முன்னால் வைப்பதுதான் அவளுக்குத் தெரிந்த வழி.

மத்தியானம் கோமதி வந்து பலகை முன்னால் நின்றாள்.

“அம்மா, ஒரே ஒரு ஆட்டம்.”

“பூஜையில இருக்குல்லா கோமு. எடுக்கக் கூடாது.”

“அப்போ வாய்ப்பாட்டையாவது எடுத்துக்கிடவா? எட்டாவது பலகையில என்ன வரும்னு மட்டும் பாத்துட்டு வச்சிருதேன்.”

வாய்ப்பாடு நிமிர்ந்து பார்த்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு பிள்ளை தன்னைக் கேட்கிறாள். அதுவும் அழாமல் கேட்கிறாள்.

“போ தாயி, எடுத்துக்கோன்னு சொல்லு,” என்று அது இசக்கியம்மாளைப் பார்த்து முணுமுணுத்தது. மனிதர் காதில் அது விழுமா?

இசக்கியம்மாளுக்கு முகம் வாடிவிட்டது. அப்போதுதான் தான் செய்தது உறைத்தது. ஆனாலும் சாமிக்கு வைத்ததை எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. “நாளைக்குக் காலைல கும்பிட்டு எடுத்துக்கலாம்மா. இந்தா, சுண்டல் தின்னு,” என்று ஒரு கிண்ணத்தை நீட்டினாள்.

கோமதி கிண்ணத்தோடு தரையில் உட்கார்ந்தாள். தின்னவில்லை. ஏழு கடலையை ஒரு வரிசையாக வைத்தாள். அதன் கீழே இன்னொரு ஏழு.

“அங்க என்ன செய்யுத?”

“பாலம் கட்டுதேன்மா.”

ஐந்தாவது வரிசையில் ஒரு கடலை உருண்டு எண்ணிக்கை குழம்பியது. எல்லாவற்றையும் வழித்து எடுத்து மறுபடி முதலிலிருந்து வைத்தாள். அடுத்த முறை ஏழாவது வரிசையில் எட்டுக் கடலை வைத்துவிட்டு, மொத்தம் ஐம்பது என்றாள். சந்தேகம் வந்து, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். அதிகமான ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு எட்டாவது வரிசைக்கு வந்தாள்.

“ஐம்பத்தாறு,” என்றாள். அவளுக்கே நம்பிக்கையில்லை. கலைத்துவிட்டு இன்னொரு தரம் அடுக்கினாள். அப்போதும் ஐம்பத்தாறுதான் வந்தது.

மனைப்பலகையில் இருந்தவை எட்டிப் பார்த்தன.

“அந்த ஐம்பத்தாறு என் பதிமூணாம் பக்கத்துல இருக்கு,” என்றது வாய்ப்பாடு. “அச்சடிச்ச நாள்லேருந்து இருக்கு. அது எட்டு வரிசைக் கடலைன்னு எனக்கே இப்பத்தான் தெரியும். யாரு தம்பி சொல்லிக் குடுத்தா? நீயா?”

“நான் எங்க அண்ணாச்சி,” என்றது செல்போன். “விழுந்தா எந்திரிக்கலாம்னு மட்டும்தான் காட்டினேன்.”

மறுநாள் காலை கும்பிட்டு முடித்ததும் கோமதி வாய்ப்பாட்டைத்தான் முதலில் எடுத்தாள். பதிமூன்றாம் பக்கத்தைத் திறந்து, தன் ஐம்பத்தாறு அங்கே இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. பிறகு செல்போனை எடுத்துத் தவளையை அக்கரை சேர்த்தாள். இரண்டு தடவை விழுந்துதான் சேர்த்தாள்.

அதற்கடுத்த நாள் வகுப்பில் டீச்சர் பெயர் கூப்பிட்டார். வாய்ப்பாடு புத்தகப்பைக்குள் இருந்தபடி காதைத் தீட்டிக்கொண்டது.

“ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு…” குரல் நன்றாகத்தான் போனது. “ஏழேழு நாப்பத்தொம்பது. எட்டேழு…”

நின்றுவிட்டது.

பின்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். பைக்குள் வாய்ப்பாடு பதிமூன்றாம் பக்கத்தைத் திறக்கப் பார்த்துத் தவித்தது. சிரிப்பு கேட்டால் பிள்ளை உட்கார்ந்துவிடுவாள் என்று அதற்குத் தெரியும்.

“சரி, உக்காரும்மா,” என்று சொல்லி, டீச்சர் மூன்றாம் வகுப்புக்குப் போகிறவர்கள் பட்டியலில் எழுதப் பேனாவைத் திறந்தார்.

கோமதி உட்காரவில்லை.

“நான் இன்னும் முடிக்கல டீச்சர்,” என்றாள்.

மறுபடி ஓரேழிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை அவசரப்படவில்லை. ஒவ்வொரு வரிசையாக மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தாள். ஏழேழுக்கு வந்தாள். ஒரு மூச்சு எடுத்தாள்.

“எட்டேழு ஐம்பத்தாறு.”

டீச்சர் பேனாவை மூடினார். பின்வரிசையில் சிரிப்பு எப்போதோ நின்றுபோயிருந்தது. கோமதி அதையெல்லாம் கவனிக்கவில்லை, ஒன்பதேழுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.