வெறும் வண்டி

குருவுக்குத் தாடி இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. இந்தக் கதையின் குருவுக்கு வயது முப்பத்தாறு. பெயர் தவமணி. பன்னிரண்டு வருடம் கொல்லிமலைப் பாதையில் சரக்கு வண்டி ஓட்டியவர். இப்போது அடிவாரத்தை ஒட்டிய சேந்தமங்கலத்தில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்.

சீடருக்கு ஐம்பத்தேழு வயது. பெயர் சடையன். மலைமேல் பலாத்தோப்பு வைத்திருப்பவர். போன வருடம்தான் தவமணியிடம் கற்று லைசென்ஸ் எடுத்தார். கிளட்ச் என்று நினைத்து அவர் வேறெதையோ மிதித்ததில் பயிற்சிப் பள்ளிச் சுவரின் ஒரு மூலை பெயர்ந்துபோனது. இன்னும் பூசவில்லை. அந்த மூலையைக் கடக்கும்போதெல்லாம் சடையன் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

அன்று காலையும் அப்படித்தான் பார்த்தபடி உள்ளே வந்தார்.

“வாத்தியாரம்மா, ஒரு சந்தேகம்ங்க.”

“கேளுங்கண்ணா.”

“செகண்ட்ஸ்ல ஒரு பிக்கப் வண்டி எடுக்கலாம்னு இருக்கேன். பழைய வண்டி விக்கிற யார்டுல ரெண்டு நிக்குது. ஒண்ணு ஆயிரத்து ஐநூறு சி.சி. இன்னொண்ணு ரெண்டாயிரத்து ஐநூறு. எதை எடுக்கிறதுங்க?”

“உங்க மனசு எதுல நிக்குது?”

“பெருசுலதாங்க. மலைப் பாதையில எழுபது வளைவு இருக்கே. நல்ல இழுவை வேணும்ல?”

தவமணி கையிலிருந்த நோட்டை மூடி வைத்தார்.

“உங்க பலாப்பழம் மலை ஏறுதாண்ணா, இறங்குதா?”

“இறங்குதுங்க.”

“இறங்குற லோடை எஞ்சினா இழுக்குது?”

“அது எங்க இழுக்குது? வண்டி தானா உருளும். நாமதான் புடிச்சு நிறுத்தணும்.”

“சரி. திரும்பி ஏறும்போது வண்டியில என்ன இருக்கும்?”

“நான் இருப்பேன்.”

“அப்புறம்?”

“வேற என்னங்க? வெறும் வண்டிதான்.”

“உங்க ஒருத்தரை ஏத்துறதுக்கா ரெண்டாயிரத்து ஐநூறு?”

மலை என்றதும் எல்லாருக்கும் ஏறுவதுதான் ஞாபகம் வருகிறது. மலைமேலேயே பிறந்து, முப்பது வருடம் பழத்தைக் கீழே அனுப்பியவருக்கும் அதேதான் வந்திருக்கிறது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனால் தவமணி கொஞ்சம் சிரித்தார்.

சடையன் விடவில்லை.

“இருந்தாலும் பெருசு பெருசுதாங்க.”

“ஏண்ணா?”

அவர் கொஞ்ச நேரம் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

“போன ஆனி மாசம் நாற்பது பழம் வெட்டி ரோட்டோரம் போட்டுட்டு நின்னேன். பஸ்ல ஏத்த மாட்டேன்னுட்டாங்க. மூணு நாளு, போற வண்டிக்கெல்லாம் கை காட்டுனேன். ஒருத்தன் நிக்கல. பழம் வெடிச்சுப் போச்சு. குரங்குங்க உக்காந்து தின்னுச்சு, நான் பாத்துட்டு நின்னேன். இந்தக் கை இனிமே எவன் வண்டிக்கும் நீளக் கூடாதுங்க. நாலு பேரு ஒதுங்கி நிக்கிற மாதிரி வண்டி வேணும்.”

“பெருசுக்கு வசதி இருக்கா?”

“சின்னதுக்குக் கையில இருக்குங்க. பெருசுன்னா தோட்டத்துல பத்து சில்வர் ஓக் மரத்தை வெட்டணும். மர வியாபாரியை இன்னிக்கு மேல வரச் சொல்லியிருக்கேன்.”

“அந்த மரத்துலதானே அக்கா மிளகுக் கொடி ஏத்தி விட்டிருக்காங்க?”

“ஆமாங்க.”

“அக்கா என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. மரம் போனா கொடி எதைப் புடிச்சு நிக்கும்னு கேட்டா. அவ்வளவுதான்.”

அவர் மனைவி சின்னப்பொண்ணு பதினெட்டு வருடமாக வளர்த்த கொடி அது. அவ்வளவுதான் என்று சொல்லும்போது சடையனின் குரல் இறங்கிவிட்டது.

தவமணி எழுந்து செருப்பை மாட்டினார். “வாங்க. சின்ன வண்டியை ஒரு தடவை மேல வரைக்கும் ஓட்டிப் பாத்துருவோம். அப்புறம் உங்க இஷ்டம்.”

யார்டுக்காரருக்கும் தவமணியிடம் படித்துத்தான் லைசென்ஸ் வந்தது. கேட்டதும் சாவியைக் கொடுத்துவிட்டார். சடையன் ஓட்ட, தவமணி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

வெறும் வண்டி சிட்டாகப் பறந்தது. சடையனுக்கே ஆச்சரியம்.

அடிவாரத்துக் காரவள்ளி நிறுத்தத்தில் ஒரு பெண் நான்கு சிமெண்ட் மூட்டைகளோடு நின்றிருந்தார். வண்டியைப் பார்த்ததும் கை காட்டினார்.

“நிறுத்துங்கண்ணா” என்றார் தவமணி.

“ஓட்டிப் பாக்க எடுத்த வண்டிங்க.”

“அதனாலதான் சொல்றேன்.”

சடையன் நிறுத்தினார். மூட்டைகள் ஏறின. அந்தப் பெண் ஏறவில்லை.

“மேல சோளக்காட்டு டீக்கடையில போட்டுருங்க சாமி. நான் பின்னால பஸ்ல வந்து எடுத்துக்கறேன்.”

அந்த மலையில் அதுதான் வழக்கம். ஆள் பஸ்ஸில், மூட்டை வண்டியில். வண்டிக்காரன் யார், எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. டீக்கடையில் மூட்டை இருக்கும். இதுவரை ஒரு மூட்டை காணாமல் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஏழாவது வளைவில் இரண்டு உர மூட்டைகளோடு ஒருவர். பதினெட்டாவது வளைவில் கூரைத் தகரத்தோடு இரண்டு பேர். ஒவ்வொரு இடத்திலும் தவமணி “நிறுத்துங்கண்ணா” என்றார். ஒவ்வொரு இடத்திலும் சடையன் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிறுத்தினார்.

முப்பதாவது வளைவுக்குப் பிறகு வண்டி முனகத் தொடங்கியது.

“பாத்தீங்களா, திணறுது” என்றார் சடையன். ஜெயித்துவிட்ட சந்தோஷம் அவர் குரலில் இருந்தது.

“வண்டி திணறலை. நீங்க மூணாவது கியர்ல ஏத்துறீங்க. ஒண்ணாவது கியருக்கு வாங்க.”

ஒன்றாவது கியருக்கு வந்தார். வண்டி முனகலை நிறுத்திவிட்டு மெதுவாக, வயிற்றுப்பிள்ளைக்காரி படி ஏறுவது போல, அவசரமில்லாமல் ஏறியது.

கொஞ்ச தூரத்தில் பின்னாலிருந்து ஹாரன் சத்தம். சடையன் ஓரம் ஒதுங்கினார். ஒரு பெரிய பிக்கப் அவர்களைத் தாண்டிப் போனது. யார்டில் நிற்கிற அதே பெரிய வண்டியின் ஜாதி. பின்னால் ஒரு சாக்குப்பை கூட இல்லை.

“போற போக்கைப் பாருங்க!” என்றார் சடையன்.

அடுத்த வளைவில் ஒரு ஆள் நின்றிருந்தார். சடையன் வயதுதான் இருக்கும். காலடியில் இரண்டு அரிசி மூட்டைகள். பெரிய வண்டி வருவதைப் பார்த்துக் கையை நீட்டினார். அது நிற்கவில்லை. நீட்டிய கையை உடனே இறக்க வெட்கமாக இருந்திருக்க வேண்டும். தலையைச் சொறிவது போல அந்தக் கையை மேலே கொண்டுபோய், பிறகுதான் இறக்கினார்.

சடையன் அதைப் பார்த்துவிட்டார். போன ஆனியில் மூன்று நாளும் அவர் அப்படித்தான் தலையைச் சொறிந்தார்.

இந்தத் தடவை தவமணி எதுவும் சொல்லவில்லை. அந்த ஆளும் கை காட்டவில்லை. ஆனால் வண்டி நின்றது.

“ரொம்ப நேரமா நிக்கிறீங்களாண்ணே?”

“காலையில வந்த வண்டி இங்கதான் ரிப்பேராகி நின்னுது. இறக்கி விட்டுட்டாங்க. மக வீட்டுக்கு எடுத்துட்டுப் போற அரிசிங்க. உங்க வண்டியில இடமிருக்கா?”

“இருக்கு, இருக்கு.” சடையனே இறங்கி மூட்டைக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்தார்.

திரும்பி வந்து உட்கார்ந்து வண்டியை எடுத்தார். இரண்டு வளைவு தாண்டியதும் தவமணி கேட்டார்.

“அண்ணா, அந்த மூணு நாளை விடுங்க. மீதி முப்பது வருஷம் உங்க பழம் எப்படிக் கீழ போச்சு?”

“யார் யாரோ ஏத்திட்டுப் போனாங்க.”

“யார் யாரோன்னா?”

“பால் வண்டி ரத்தினம். செங்கல் வண்டி காதர் பாய். அவரு பழத்துக்கு அடியில வைக்கோல் போட்டுக் கொண்டுபோவாரு, அடிபடக் கூடாதுன்னு. அப்புறம் உர லாரி இளவரசு. கல்யாணப் பாத்திரம் ஏத்துற வண்டி ஒண்ணு வரும், அந்த ஆளு பேரு கேக்கவே இல்லைங்க. அஞ்சாறு வருஷம் ஏத்தியிருக்காரு. பேரு கேக்கல பாருங்க.”

சொல்லிக்கொண்டே போனார். நாற்பத்தொன்றாவது வளைவில் தொடங்கியது ஐம்பதாவது வளைவிலும் முடியவில்லை. காதர் பாய்க்கு ஒரு பழமாவது கொடுத்தோமா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். ஒரு வருடம் கொடுத்தது ஞாபகம் வந்ததும் நிம்மதியாக மூச்சு விட்டார்.

“என் பேரை விட்டுட்டீங்க” என்றார் தவமணி.

“ஐயோ, உங்களை மறப்பனா? அன்னிக்கு மழையில நிறுத்தி, நீங்களே இறங்கிப் பழத்தைத் தூக்கிப் போட்டீங்களே. அந்தப் பழக்கத்துலதான உங்ககிட்ட வண்டி கத்துக்க வந்தேன்!”

“இவங்க வண்டியிலெல்லாம் ஏற்கனவே என்ன லோடு இருந்துச்சு?”

“ஒண்ணும் இருக்காதுங்க. மேல சரக்கை இறக்கிட்டுக் கீழ திரும்புற வண்டிங்க. எல்லாம் வெறும்...”

பாதியில் நிறுத்திவிட்டார்.

கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார். சிமெண்ட், உரம், தகரம், அரிசி. மறுபடி பாதையைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. இந்த மலையில் எத்தனை பேர் தன்னைச் சுமந்திருக்கிறார்கள் என்று நினைக்க நினைக்க அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நிற்காமல் போன மூன்று நாள் வண்டிகளை வருடம் முழுக்க வைதவர், நின்ற வண்டிகளை அன்றுதான் முதல் தடவையாக வரிசையாக நினைத்துப் பார்த்தார்.

“ஸ்டியரிங்கை ரெண்டு கையாலயும் புடிங்கண்ணா. கண்ணை நான் துடைச்சு விட முடியாது.”

சடையன் அழுகையோடு சிரித்தார். வண்டி எழுபதாவது வளைவைத் தாண்டியது.

சோளக்காட்டு டீக்கடையில் மூட்டைகளை இறக்கி வரிசையாக வைத்தார்கள். கடைக்காரர் எதுவும் கேட்காமல் மழை படாத பக்கமாக அவற்றைத் தள்ளி வைத்தார். ஏழாவது வளைவுக்காரரின் உர மூட்டைகளில் ஒன்றின் வாய் பிரிந்திருந்தது. சடையன் சணல் வாங்கிக் கட்டினார்.

பெஞ்சில் மர வியாபாரி காத்திருந்தார். மடியில் அளவு நாடா.

“என்னங்க சடையன், போலாமா? வெளிச்சத்துலயே மரத்தை அளந்துட்டா நல்லது.”

“ஒரு நிமிஷம் இருங்க.”

சடையன் தவமணிக்கு டீயை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். முகத்தில் பெரிய தெளிவு.

“வாத்தியாரம்மா, இப்ப எனக்குப் புரிஞ்சு போச்சுங்க.”

“சொல்லுங்க.”

“பழம் இறங்கறதுக்குச் சின்ன வண்டி போதும். ஆனா ஏறும்போது இனிமே நான் வெறும் வண்டியா வர மாட்டேன். காரவள்ளியிலிருந்து யார் கை காட்டினாலும் நிப்பேன். அத்தனை மூட்டை ஏத்தணும்ல? அதனால பெருசையே எடுத்துடலாம்ங்க. நாலு பேரு ஒதுங்கறதுக்கு இல்ல. நாலு பேருக்கு உதவறதுக்கு. நியாயம்தானுங்களே?”

மர வியாபாரி எழுந்து நின்றார்.

தவமணி டீயை ஒரு வாய் குடித்தார். “இப்ப வந்தமே, லோடு மேல வந்து சேர்ந்துச்சா?”

“சேர்ந்துச்சுங்க.”

“எத்தனை சி.சி.?”

“ஆயிரத்து ஐநூறு.”

“நம்மளைத் தாண்டிப் போச்சே, அது?”

“ரெண்டாயிரத்து ஐநூறு இருக்கும்ங்க.”

தவமணி தம்ளரைக் கீழே வைத்தார்.

“நிக்கிறதுக்கு எத்தனை சி.சி. வேணும்ணா?”

சடையன் மூட்டைகளைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். பிறகு சின்னப்பொண்ணின் கொடி நிற்கும் தோட்டத்துப் பக்கம் திரும்பி, அப்படியே நின்றார்.

மர வியாபாரி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.