முள்ளம்பன்றி முதுகுல ரெண்டு இலை

ஒரு காட்டுக்கு நடுவுல பெரிய ஆறு ஒண்ணு ஓடுச்சு. பாலம் கிடையாது. முயல், எலி, அணில் எல்லாம் அக்கரைக்குப் போகணும்னா மாரியக்கா முதுகுதான். மாரியக்கான்னா எருமை. காலைல ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை.

கரையோரக் கூழாங்கல்லுக்கு நடுவுல ஒரு ஆள்காட்டிக் குருவி அடைகாத்துக்கிட்டிருந்தா. யாரு வந்தாலும் போனாலும் அவ கண்ணுக்குத் தப்பாது.

கொஞ்ச நாளா ஒரு புனுகுப்பூனை தினமும் எருமை மேல ஏறினான். கழுத்துக்கிட்ட உக்காருவான். அக்கரை வரைக்கும் போவான். ஆனா எறங்க மாட்டான்! அப்படியே திரும்பி வருவான்.

"ஏன் தம்பி, போற, வர்ற, எறங்கவே மாட்டேங்குறியே?"ன்னு குருவி கேட்டா.

"சும்மா, காத்து வாங்கத்தான்க்கா!"

காத்து வாங்குறவன் எருமையோட காதையே எதுக்கு மொறைச்சுப் பாக்குறான்? குருவிக்குச் சந்தேகம் வந்துச்சு.

அவனோட பழைய கதை அவளுக்குப் பின்னாலதான் தெரிஞ்சுது. மூணு வருசத்துக்கு முன்ன காடு எரிஞ்சப்போ அவன் அம்மா இந்தக் கரைலயே கருகிப் போனா. எருமையால ஒரு நடைதான் போக முடிஞ்சுது, அதுல அவளுக்கு எடம் கெடைக்கல. அவன் ஆத்து மடுவோரமா உக்காந்து அழுவான். மடுவுல கெடந்த கிழட்டு முதலையும் கூடச் சேந்து அழும்.

"உங்கம்மாவ விட்டுட்டுத் தப்பிச்சவங்க யாருடா கண்ணு?"

தினம் ஒரு சொட்டுக் கண்ணீர், தினம் அதே கேள்வி. வருசம் திரும்பறதுக்குள்ள அந்தக் கேள்விய அவனே கேக்க ஆரம்பிச்சுட்டான். முதலைக்கு வேல மிச்சம்!

அந்தக் காட்டுல ஒரு சட்டம் உண்டு. சந்தேகப்படுற மாதிரி எதப் பாத்தாலும், ஆல இலைல அலகால கொத்தி எழுதி, காவல் அதிகாரி முள்ளம்பன்றிகிட்ட குடுக்கணும். குருவியும் எழுதிக்கிட்டுப் போனா. 'புனுகுப்பூனை ஏறுறான். எறங்கல.'

"எறங்காதது ஒரு குத்தமாம்மா? சரி சரி, முதுகு முள்ளுல இலையக் குத்திட்டுப் போ!"

குத்தினா. அவரு ஒரு தடவ முள்ளச் சிலுப்பிக்கிட்டாரு. சர்ர்ர்!

"மாரியக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லிரட்டுமாங்கய்யா?"

"மூச்சு விடக்கூடாது! ஊரெல்லாம் பீதியாயிரும். சேதி என்கிட்ட இருக்குல்ல? அப்புறம் என்ன?"

குருவி வாய மூடிக்கிட்டா. மறுநாள் செவந்திங்கிற முயல் ரெண்டு குட்டியோட வந்தா. "நாளைக்கு அக்கரைக்கு எங்கம்மா வீட்டுக்குப் போறோம்டி! கேரட்டு வேணுமா?" குருவிக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. முழுங்கிட்டா.

மனசு கேக்கல. விடிஞ்சதும் மறுபடி முள்ளம்பன்றிகிட்ட ஓடினா. அவரு முதுகக் காட்டிக்கிட்டு கெழங்கு தின்னுக்கிட்டிருந்தாரு. அவ குத்தின இலைக்குப் பக்கத்து முள்ளுலயே இன்னொரு இலை! கரிச்சான்ங்கிற பறவை எழுதினது. 'புனுகுப்பூனை கருவேல முள்ளச் சீவுறான். முதலையோட குசுகுசுன்னு பேசுறான்.'

"ஐயா! இதப் படிச்சீங்களா?"

"முதுகுல இருக்கறத எப்படிம்மா படிக்கிறது?"

குருவி பறந்தா. அதுக்குள்ள எருமை நடு ஆத்துல. முதுகுல பன்னெண்டு பேரு. புனுகுப்பூனை மாரியக்கா காதுக்குள்ள முள்ளச் சொருகி, "திரும்பு! மடுவுக்குப் போ!"ன்னு கத்தினான். ரத்தம் கொட்டுது. வலி தாங்காம எருமை திரும்பிருச்சு.

"குதிங்க! எல்லாரும் குதிங்க! முதலை!"ன்னு குருவி மேல பறந்துக்கிட்டே கத்தினா.

"நீச்சல் தெரியாதே!" எலி ஒண்ணு அலறுச்சு.

"இப்பக் கத்துக்க!"

தொபீர் தொபீர்னு குதிச்சாங்க. செவந்தி ஒரு குட்டியக் கவ்விக்கிட்டுக் குதிச்சா. இன்னொன்னு பயந்துபோய் எருமை கொம்பக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அங்கயே இருந்துருச்சு.

மடு வந்துச்சு. முதலை வாயத் தெறந்துச்சு.

"ஐயா, நான்தான்! உங்க ஆளு! கூட்டியாந்துட்டேன்!"

"தெரியும்டா கண்ணு."

மொத வாய்க்கு அவன்தான். அடுத்தது அந்தக் குட்டி. மாரியக்கா ஒத்தக் காதோட தப்பிச்சுக் கரையேறினா. குதிச்சவங்கள்ல ரெண்டு எலியத் தண்ணி இழுத்துக்கிட்டுப் போயிருச்சு.

மறுநாள் காடே கூடி விசாரிச்சுது.

"வந்த இலைல ஒண்ணு கூடத் தொலையல. வேணும்னா எண்ணிப் பாருங்க!"ன்னாரு முள்ளம்பன்றி. யாரும் எண்ணல.

செவந்தி அவரு பக்கம் திரும்பக்கூட இல்ல. நேரா குருவிகிட்ட வந்து நின்னா.

"அவருக்கு முதுகுல கண்ணில்ல, சரி. உனக்கு வாயிருந்துச்சேடி?"



ஆபத்தக் கண்டவங்க அத ஆபத்துல இருக்கறவங்க காதுல போடணும். பத்திரமாக் குத்தி வெச்ச சேதி ஒரு உசிரையும் காப்பாத்தாது.